சிம்னி இழுக்குதா? மலை வீட்டில் விறகு ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு

குன்னூர்–கோத்தகிரி ரோட்டோரம் பட்டறை போட்டு, தகர வேலையும் வெல்டிங்கும் செய்கிறவன் நான். கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் வரும். அக்டோபர் பிறந்துவிட்டால் மற்ற வேலைகளை ஓரம் கட்டவேண்டியதுதான். "மாஸ்டர், ஸ்டவ் புகையுது, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி வீடுகளில் ஸ்டவ்வில் ஒரு குறையும் இருக்காது. விறகு ஈரமாக இருக்கும், இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கும், சில வீடுகளில் இரண்டும். புகை போக வழி சரியாக இருந்தால் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் ஸ்டவ்வைப் பற்றி இங்கே கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். குழாயையும் விறகையும் பற்றித்தான் நிறைய.

அதற்கு முன்னால் ஒன்று. குழாய் இல்லாத நெருப்பு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். கும்முட்டி அடுப்போ, பழைய இரும்புச் சட்டியில் அள்ளின கரித் தணலோ, கோழி சுடுகிற பார்பிக்யூ அடுப்போ, எதுவானாலும் சரி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை இழுத்து மூடித் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். "புகையே வரலையே" என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து ஓடிவிடுவான். கரி புகையாது. அது விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கிறக்கம். தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு இதுகூடத் தெரியாது.

சிம்னி வைத்த ஸ்டவ்வுக்கும் குழாய் அடைத்தால் இதே கதிதான். ஆகவே ஸ்டவ் இருக்கிற வீட்டில் பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கவேண்டும். படுக்கிற அறைப் பக்கம் வையுங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் என்பது வேறு, அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. வாங்கும்போது பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கே வைப்பது, குழாயை எப்படி ஏற்றுவது

மலையில் நிறைய வீடுகளுக்குப் பலகை சீலிங், அதற்கு மேலே தகரக் கூரை. சுவரிலும் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்திருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பல வருஷம் சூடு வாங்கின மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் எனக்கு அதனால்தான் பயம்.

ஸ்டவ்வின் உடம்புக்கும் மரச்சுவர், திரை, சோபா, கட்டில் எதற்கும் இடையே 3 அடி இருக்கட்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி. கம்பெனி ஸ்டவ் என்றால் கூடவே வரும் புத்தகத்தில் அதற்கென்று அளவு போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். இடம் போதவில்லையா? சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளித் தகடு அடித்து, அதன் கீழும் மேலும் காற்று ஓட வழி விட்டால் தூரத்தைக் குறைக்கலாம். சுவரோடு ஒட்டி அடித்த தகடு ஒன்றுக்கும் ஆகாது, சூட்டை அப்படியே பின்னால் கடத்திவிடும். தரை பலகையாக இருந்தால் ஸ்டவ்வுக்கு அடியில் கடப்பாக்கல்லோ செங்கல்லோ பரப்பி, கதவுக்கு முன்னால் ஒன்றரை அடி நீட்டிவிடுங்கள். கதவைத் திறக்கும்போது கங்கு தெறிப்பது அங்கேதான்.

பழைய பங்களாக்களில் ஸ்டவ்வுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு ஷீட் அடித்திருக்கும். அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருக்கலாம். அதை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

குழாய் விஷயத்தில் நான் தினமும் சண்டை போடுவது ஜி.ஐ. பைப்புக்காகத்தான். ஹார்டுவேர் கடையில் விலை மலிவு, பளபளவென்று இருக்கிறது என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். ஸ்டவ்வுக்குப் பக்கத்துச் சூட்டில் அது உரியும், மிஞ்சிப் போனால் புகையும். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதல்ல. கனமான கறுப்புத் தகடு அல்லது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய்தான் போடவேண்டும். ஸ்டவ் வாய் 6 அங்குலம் என்றால் மேலே கூரை வரைக்கும் 6 அங்குலம். நடுவில் 4 அங்குலமாகக் குறுக்கக் கூடாது.

கீழேயிருந்து மேலே ஒவ்வொரு துண்டையும் செருகும்போது, மேல் துண்டின் வாய் கீழ்த் துண்டுக்கு உள்ளே போகவேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். "புகை வெளியே கசியாதா?" என்று கேட்பார்கள். கசியாது. இழுப்பு நன்றாக இருக்கிற குழாய் வெளிக்காற்றைத்தான் உள்ளே வாங்கும். மாற்றிச் செருகினால் உள்ளே வழிகிற கறுப்புத் தண்ணீர் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே ஒழுகி, சுவரை நாறடித்துவிடும். மூட்டுக்கு மூன்று ஸ்க்ரூ. எல்போ இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கைவாட்டில் போகிற துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, அதுவும் அடிக்குக் கால் அங்குலம் ஏற்றமாக இருக்கவேண்டும்.

பலகை சீலிங்கைத் தாண்டுகிற இடத்தில் ஒற்றைக் குழாய் ஆகாது. இரண்டு சுவர் உள்ள, நடுவே ராக்வூல் என்கிற, சூடு தாங்கும் கல்பஞ்சு அடைத்த குழாய் போடுங்கள். அதைச் சுற்றியும் மரம் தொடாமல் 2 அங்குலம் விட்டு வெட்டி, தகட்டு வளையத்தால் மூடவேண்டும். இந்த ஒரு துண்டில் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கூரையைத் துளைத்து வெளிவருகிற இடத்திலிருந்து குழாய் குறைந்தது 3 அடி நிற்கவேண்டும். 10 அடிக்குள் கூரை முகடோ வேறு எதுவோ இருந்தால் அதைவிட 2 அடி உயரம். நம் ஊருக்கு நான் இன்னும் ஓரிரு அடி கூட்டியே போடுவேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று லேசானால் இழுப்பும் குறையும். சமவெளி ஆட்கள் போட்ட கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மேலே மழைத் தொப்பி அவசியம். அதை ஸ்க்ரூ போட்டு முறுக்கி வையுங்கள். வெறுமனே செருகி வைத்த தொப்பியைக் குன்னூர்க் குரங்குகள் ஒரே நாளில் கழற்றிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் போட்டுவிடும்.

விறகு

பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அதை அடுப்பில் போட்டால் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் துரத்தவே நெருப்பின் தெம்பெல்லாம் போய்விடும். வீடு சூடாகாது. ஆறிப்போன புகை குழாயில் ஏறி, உள்சுவரில் படிந்து, கீலாக மாறும். கிரியோசோட் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். சிம்னி தீப்பிடிப்பது இதனால்தான். ஆக விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். இரண்டு ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானி இருந்தால், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்துங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் அது பொய் சொல்லும்.

மீட்டர் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு கட்டையைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென்று கேட்கும். ஈரமானது 'தொப்' என்று அமுங்கும். காய்ந்த கட்டையின் முனையில் நட்சத்திரமாக வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானாகவே கழன்று வரும், கையில் தூக்கினால் நினைத்ததைவிட லேசாக இருக்கும். எரிகிற கட்டையின் மறுமுனையில் சீறிக்கொண்டு நுரை தள்ளினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

நம் மலையில் காயவைப்பதுதான் பெரிய பாடு. ஜூன் தொடங்கி தென்மேற்கு, அது விட்டால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. நடுவில் மூடுபனி. ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் உள்ள வெயிலைத்தான் நம்பவேண்டும். அப்போதே பிளந்து அடுக்கிவிட்டால் அடுத்த குளிருக்கு ஆகும். உருண்டைக் கட்டையாகவே போட்டு வைத்தால் இரண்டு வருஷம் ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும். மரம் தண்ணீரை வெட்டின முகத்தின் வழியாகத்தான் விடும், பட்டை வழியாக விடாது. கையகலத்துக்குப் பிளந்து, கீழே செங்கல்லோ கட்டையோ கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, தலைக்கு மேலே மட்டும் ஒரு தகரம். பக்கங்கள் திறந்திருக்கட்டும். சுற்றிலும் தார்ப்பாய் கட்டிப் பொட்டலமாக்கி வைத்தால் உள்ளேயே புழுங்கிக் காளான் பூக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கரையான் நேராக ஜன்னல் சட்டத்துக்குப் போய்விடும். கட்டை எடுக்கும்போது வெறுங்கையை இடுக்கில் விடாதீர்கள், தேளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

எந்த மரம் என்று கேட்டால் என் ஓட்டு சீகைக்கு, அதாவது வாட்டில் மரத்துக்கு. கனமான கட்டை, சீராக எரியும், நல்ல தணல் விடும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து அடித்த மிலாரும் அருமையான விறகு. குச்சியாக இருப்பதால் சீக்கிரம் காயும், பற்றவைக்கவும் உதவும். பழைய தேயிலையை வேரோடு பிடுங்கின தூர்க்கட்டை கிடைத்தால் விடாதீர்கள், கல்லைப் போல் இருந்தாலும் ராத்திரி நெடுநேரம் நிற்கும். கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) சூடு அதிகம். ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடவேண்டும், காய்ந்த பிறகு முறுக்கிக்கொண்டு கோடாலிக்கே சவால் விடும். அதன் இலையிலும் பட்டையிலும் எண்ணெய் இருப்பதால் குப்பென்று பற்றும். ஒரு பிடி போதும், போட்டதும் கதவைச் சாத்திவிடுங்கள். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும், மாலையில் ஒரு மணி நேரம் குளிர் போக்கப் பரவாயில்லை. சைப்ரஸ், பைன் இரண்டையும் சிராய் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய ரயில்வே ஸ்லீப்பர், அரளிக் கட்டை, பால் பாக்கெட் இதெல்லாம் ஸ்டவ்வுக்குள் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் செய்யாத வீடு குறைவு, சாம்பலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சொந்தப் பட்டா நிலத்து மரம்தானே என்று கோடாலியைத் தூக்கவும் வேண்டாம். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 இங்கே நடைமுறையில் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் வெட்டவேண்டும். காட்டுக்குள் போய்ச் சோலை மரத்தை வெட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. ரசீது கொடுக்கிற விறகுக் கடையில் வாங்குங்கள், கோடையிலேயே வாங்குங்கள். டிசம்பரில் லாரியிலிருந்து இறங்குகிற "காஞ்ச விறகு" எப்படிப்பட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பற்றவைப்பது, ராத்திரி விடுவது

கீழே இரண்டு மூன்று பெரிய கட்டை, அதற்கு மேல் நடுத்தரம், அதற்கு மேல் சுள்ளியும் சிராயும். நெருப்பை உச்சியில் வையுங்கள். வழக்கத்துக்கு மாறாக இருக்கும், ஆனால் மேலிருந்து கீழே எரிந்து இறங்கும்போது கீழ்க் கட்டையிலிருந்து வரும் புகை நெருப்பைத் தாண்டித்தான் போகவேண்டும், அதனால் அதுவும் எரிந்துவிடும். காற்று வழியை முழுக்கத் திறந்து வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் எதையும் ஊற்றாதீர்கள். தணல் இருக்கிற ஸ்டவ்வில் ஊற்றினால் வெடிக்கும்.

பனி விழுந்த காலையில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று கனத்து உட்கார்ந்திருக்கும். பற்றவைத்ததும் புகை அறைக்குள் திரும்பும். ஒரு நியூஸ்பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, ஸ்டவ்வுக்குள் குழாய் வாய்ப் பக்கம் பிடியுங்கள். குளிர் காற்று அசைந்து மேலே போகும், 'ஹும்' என்று இழுக்கிற சத்தம் கேட்கும். பிறகு விறகைப் பற்றவையுங்கள். அப்போதும் இழுக்கவில்லையென்றால் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து பாருங்கள். குளிருக்குப் பயந்து இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்த வீட்டில் நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வரும்? சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அதுவும் புகையைப் பின்னுக்கு இழுக்கும், நிறுத்திவிடுங்கள்.

குழாயில் ஒட்டுகிற காந்த தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒற்றைக் குழாயின் வெளிப்பக்கம் 120 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருந்தால் சரி. அதற்குக் கீழேயே நெடுநேரம் கிடந்தால் கீல் படிகிறது. மேலே போனால் காற்றைக் குறையுங்கள். குழாய் சிவந்தால் கதவையும் காற்று வழியையும் உடனே மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துப் பிளக்கும்.

பலருக்கும் ஒரு ஆசை உண்டு. படுக்கப் போகும்போது ஸ்டவ் நிறையக் கட்டையைத் திணித்து, காற்றை முழுக்க அடைத்து, காலை வரைக்கும் புகைய விடவேண்டும். ஒரு எஸ்டேட் பாட்டி, "ஏன் தம்பி, எங்க வீட்டு அடுப்புல விடிய விடியக் கங்கு இருக்குமே" என்று என்னிடம் கேட்டார். அது நாலு பக்கமும் காற்றோடுகிற ஓட்டு வீட்டு மண் அடுப்பு, பாட்டி. இது மூடின பெட்டி. நெருப்பு திணறினால் கீல் படிவது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு கிளம்புவது இன்னொரு பக்கம். படுப்பதற்கு முன் அரை மணி நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய விடுங்கள், பிறகு காற்றைப் பாதி குறையுங்கள், தணலாக அடங்கட்டும். குழாயில் டேம்பர், அதாவது குழாயைத் திறந்து மூடுகிற தகடு, இருந்தால் தணல் இருக்கும்வரை அதை முழுக்க மூடக் கூடாது. காலையில் குளிரும். கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் துணி காயாது, தெரிந்ததுதான். அதற்காக ஸ்டவ்வுக்கு மேலே கொடி கட்டாதீர்கள். 3 அடி தள்ளி ஸ்டாண்டில் போடுங்கள், வீட்டில் ஆள் முழித்திருக்கும்போது மட்டும்.

குழாயைச் சுத்தம் செய்வது

தினமும் எரிக்கிற வீடு என்றால் சீசனில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், சீசன் முடிந்து மார்ச்சில் கட்டாயம் ஒரு முறை. உள்ளே 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்தாகவேண்டும்.

ஸ்டவ் முழுக்க ஆறியிருக்கவேண்டும், ஒரு நாள் முழுக்க எரிக்காமல் விடுங்கள். கதவை மூடி, இடுக்கில் டேப் ஒட்டி, சுற்றிலும் பழைய பெட்ஷீட் விரியுங்கள். மாஸ்க், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழாயின் விட்டத்துக்கே சரியான பிரஷ்ஷும், திருகித் திருகி நீட்டுகிற கம்பியும் வேண்டும். அந்தக் காலத்தில் கயிற்றில் சாக்குமூட்டை கட்டி இழுப்பார்கள், கல் சிம்னிக்கு அது ஓடும், தகட்டுக் குழாயை நசுக்கிவிடும். தகரக் கூரையில் பாசி இருந்தால் ஏறாதீர்கள். அடியிலிருந்தே குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தேய்க்கலாம்.

விழுகிற கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில்தான் சேதி இருக்கிறது. உதிரியான கறுப்புப் பொடி என்றால் நீங்கள் நன்றாக எரிக்கிறீர்கள். செதில் செதிலாக, கொஞ்சம் பளபளப்போடு வந்தால் விறகில் ஈரம், இல்லையென்றால் காற்றை அதிகமாகக் குறைக்கிறீர்கள். வெல்லப்பாகு இறுகினது போல் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டு பிரஷ்ஷுக்கு அசையாமல் நின்றால், அந்தக் குழாயில் இனி ஒரு தீக்குச்சிகூடக் கொளுத்தாதீர்கள். தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் குழாயையே மாற்றிவிடுவது நல்லது.

எல்லோரும் மறப்பது ஸ்டவ்வுக்குள் மேலே படுத்திருக்கிற தடுப்புத் தகட்டை. மேலிருந்து தேய்த்த கரியெல்லாம் அதன் முதுகில்தான் குவியும். அதை இறக்கித் தட்டாமல் விட்டால், சுத்தம் செய்த மறுநாளே ஸ்டவ் முன்னைவிட மோசமாகப் புகையும். அப்புறம் எனக்குத்தான் போன் வரும். கடைசியாகத் தொப்பியைப் பாருங்கள். பறவை வராமல் இருக்கப் போட்ட கம்பிவலையில் கரி அப்பியிருக்கும்.

ஸ்டவ் கதவு ஓரத்தில் இடுக்கை அடைக்கிற கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் கயிற்றை மாற்றவேண்டும். கண்ணாடியில் படிந்த கரிக்கு, ஸ்டவ் ஆறின பிறகு ஈரப் பேப்பரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும்.

சிம்னியே தீப்பிடித்துவிட்டால் தெரியாமல் போகாது. குழாய் இரையும், அதிரும், மேலே பொறி பறக்கும். கதவு, காற்று வழி, டேம்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்பி, 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். தானாக அணைந்தாலும், குழாயைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி எரிக்காதீர்கள். உள்ளே வெடிப்பு விட்டிருக்கலாம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் காரணம் யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

சாம்பலும் மழைக்காலமும்

சாம்பலை முழுக்க அள்ளவேண்டாம், அடியில் ஒரு அங்குலம் விட்டால் தணல் நிற்கும். அள்ளினதை மூடி போட்ட இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மண்ணிலோ கல்லிலோ வையுங்கள். உள்ளே மறைந்திருக்கும் கங்கு இரண்டு மூன்று நாளைக்குக்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பக்கெட், அட்டைப்பெட்டி, மர வராண்டா எதுவும் ஆகாது. நன்றாக ஆறினதைக் கோஸ் பாத்தியில் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பல் அதைக் கெடுக்கும். உருளைக்கு சொறி நோய் வரும்.

சீசன் முடிந்ததும் சாம்பலை அப்படியே உள்ளே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். கரியும் சாம்பலும் மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டை அரிக்கும், இரண்டே பருவத்தில் குழாய் சல்லடையாகிவிடும். சுத்தம் செய்து, துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்குகிற கறுப்புப் பெயின்ட் அடித்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், காற்றோடட்டும். புதுப் பெயின்ட் அடித்த ஸ்டவ்வை முதல் முறை எரிக்கும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்துவைத்துச் சின்ன நெருப்பாகப் போடுங்கள். செப்டம்பரில் அலாரத்துக்குப் பேட்டரி மாற்றி, குழாய்க்குள் டார்ச் அடித்து, கூடு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு எனக்கோ உங்கள் ஊர் ஆளுக்கோ போன் செய்தால், அக்டோபர் கூட்டத்துக்கு முன்னால் வந்துபோக எங்களுக்கும் வசதி.